எடுக்கும் வரை கேட்கும் பாட்டு

ஜனவரி 20, திங்கள்

ஐந்து நாள் பயிற்சியாம். 'பாடல்வழி டிஜிட்டல் கதைசொல்லல்.' வாசலில் கட்டிய பிளக்ஸில் ஒரு பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பல் விளம்பரம் மாதிரி சிரிக்கிறாள். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு தலைக்கு மேல் நிற்கிறது, பாதி வகுப்புக்கு முக்கோணமும் தெரியவில்லை, கோணமும் தெரியவில்லை. கணக்கு டீச்சரான நான் இங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். "பள்ளிக்கு ஒரு பேர் கேட்டாங்க டீச்சர், நீங்கதான் சீனியர்" என்றார் தலைமையாசிரியர். வேறு எந்த நல்ல காரியத்துக்கும் நான் சீனியர் என்பது அவருக்கு ஞாபகம் வந்ததில்லை.

பயிற்சி கொடுக்கிற கருத்தாளர் பெயர் எபனேசர். விளாத்திகுளம் பக்கம் ஓவிய ஆசிரியராம். என்னிடம் படித்த பிள்ளைகளைவிடச் சின்னவன் மாதிரி இருக்கிறான். வாழ்க்கையில் நம்மைத் தொட்ட ஒரு பாட்டை எடுத்து, நம் குரலையும் சில படங்களையும் சேர்த்து, மூன்று நிமிட வீடியோவாக்க வேண்டும், வெள்ளிக்கிழமை திரையிட வேண்டும் என்றான். அதைக் கேட்டதும் நாற்பது பேரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி பூரித்துப் போனார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த தெய்வானை (சமூக அறிவியல், எங்கள் தெருவேதான்) செத்துப்போன அப்பாவுக்குப் பிடித்த பாட்டென்று ஒன்றைச் சொல்லி அங்கேயே அழுதாள். அவள் அப்பா உயிரோடு இருந்தபோது எத்தனை தடவை போய்ப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

காலையில் ஒரு கூத்து. எல்லோரும் அவரவர் போனில் தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிப் பதிவு செய்து போட்டுக் கேட்க வேண்டுமாம். "எனக்குக் கணக்கு வரும், மற்றதெல்லாம் வராது" என்று சேர்த்துச் சொன்னேன். போட்டால் கீச்சென்று ஒரு கிழவி பேசுகிறாள், கதவுக் கீல் மாதிரி. போன் கெட்டுவிட்டது என்றேன். "இல்ல டீச்சர், மத்தவங்களுக்கு உங்க குரல் இப்படித்தான் கேக்கும்" என்றான். இதைக் கண்டுபிடிக்க அரசாங்கம் ஐந்து நாள் சம்பளம் கொடுக்கிறது.

தேநீர் வெந்நீர். பிஸ்கட் இரண்டு, அதில் ஒன்று நமுத்துப் போனது.

சாயங்காலம் மகள் செண்பகாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

எனக்குப் பாட்டென்று ஒன்றும் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மை அதுதான். சினிமாப் பாட்டுக் கேட்பது வேலையில்லாதவர்கள் வேலை. எபனேசர் விடவில்லை. பிடித்த பாட்டு வேண்டாம், இந்த மாதம் எந்தப் பாட்டை அதிகமாகக் கேட்டீர்கள் என்று கேட்டான். பேசாமல் இருந்திருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். என் மகளுடைய காலர் டியூன் என்று சொல்லிவிட்டேன்.

என்ன பாட்டு என்றான். தெரியாது. முதலில் ஒரு பெண் வாயைத் திறக்காமல் முனகுவாள். அப்புறம் உப்புக் காற்றைப் பற்றி ஒரு வரி. இரண்டாவது வரி தொடங்கி, பாடுகிறவள் மூச்சு வாங்குகிற இடம் வரும். அதற்குள் பாட்டு அறுந்து, நீங்கள் அழைக்கும் நபர் அழைப்பை எடுக்கவில்லை என்று இன்னொருத்தி வந்துவிடுவாள். அந்த மூச்சுக்குப் பிறகு பாட்டில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அவன் கண்ணெல்லாம் விரிந்து, "இதுதான் டீச்சர் கதை, இதையே பதிவு பண்ணிட்டு வாங்க" என்றான். எதைச் சொன்னாலும் கதை என்கிற கூட்டம்.

செண்பகா ஏன் எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியாது. கார்த்திகையிலிருந்து இப்படித்தான். அப்பாவிடம் தினமும் பேசுகிறாள், தூத்துக்குடியில் மாமியார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும். ஏழாம் மாதம் நடக்கிறது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி வளைகாப்பு. வளைகாப்பு முடிந்த கையோடு பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து தலைப்பிரசவம் பார்ப்பதுதான் முறை. பொங்கல் படி கொடுக்கப் போன என் வீட்டுக்காரரிடம், பிரசவத்தை அங்கேயே பார்த்துக்கொள்கிறேன், அம்மாவை அலைய வேண்டாம் என்று சொல் என்றாளாம். இவரும் மண்டையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார், கரும்புக்கட்டை இறக்கிவைத்த களைப்போடு. தபால் ஆபீசில் இருந்தவருக்கு வந்ததைக் கொண்டு சேர்ப்பதோடு வேலை முடிந்தது. ஊர் என்னைத்தான் கேட்கும்.

போன் போட்டு, இவருடைய போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். ஸ்பீக்கர் பொத்தானைத் தேடும்போது விரல் எங்கெங்கோ பட்டது. எடுக்கவில்லை. எடுக்காததுதான் இன்றைக்குத் தேவையாக இருந்தது.

ஜனவரி 22, புதன்

காலையில் ஒரு குறுஞ்செய்தி. என் நம்பருக்குக் காலர் டியூன் வைத்தாகிவிட்டதாம், வாழ்த்துகளாம். நேற்று ஸ்டாரை அழுத்தியிருக்கிறேன். ஸ்டாரை அழுத்தினால் அவளுடைய பாட்டு அப்படியே நம் போனுக்கு வந்துவிடுமாம். முப்பது வருடம் அரசு வேலை பார்த்தவளுக்கு யாராவது போன் போட்டால் ஒருத்தி முனகுவாள். வெட்கக்கேடு. முதல் வேலையாக எடுக்கச் சொல்ல வேண்டும்.

பயிற்சியில் என் பதிவைப் போட்டார்கள். நாற்பது பேரும் பாட்டு அறுந்ததும் உச்சுக்கொட்டினார்கள். உடனே தெய்வானை, "ஏ டீச்சர், இது உங்க தம்பி மவன் கல்யாணத்துல செண்பகா பாடுன பாட்டுல்லா?" என்றாள். அவளும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். ஆவணியில் சங்கரன்கோவிலில் நடந்தது. மெல்லிசைக் குழுவில் மைக்கை வாங்கி இவள் ஏதோ பாடினாள் என்பது ஞாபகம் இருக்கிறது. என்ன பாட்டு என்று யார் கவனித்தார்கள்? இருக்காது என்றேன். அவள் எழுந்து நின்று மூன்றாவது வரியைப் பாடியே காட்டிவிட்டாள். சுருதி கிடையாது, தைரியம் மட்டும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் கல்யாண வீடியோ பென்டிரைவைத் தேடினேன். கார்த்திகையில் தம்பி சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒன்று அனுப்பினான். அடுத்தவன் தாலி கட்டுவதை நான்கு மணி நேரம் டிவியில் பார்க்கிற கிறுக்கு எனக்கில்லை என்று அப்போதே ஷோகேசில் போட்டுவிட்டேன். அதில் மஞ்சள் பொடி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. ஷோகேசுக்குள் மஞ்சள் பொடி எப்படி வந்தது என்று இவரைத்தான் கேட்க வேண்டும்.

வரவேற்புப் பகுதிக்கு ஓட்டினேன். மயில் பச்சைச் சேலையில் செண்பகா. அதே முனகல், அதே உப்புக் காற்று. நன்றாகத்தான் பாடுகிறாள். இதைச் சொல்வதில் எனக்கொன்றும் குறைந்துவிடாது. இரண்டாவது வரியில் அந்தச் சினிமாக்காரி மூச்சு வாங்குகிற இடத்தில் இவள் வாங்கவில்லை, அப்படியே கொண்டுபோகிறாள். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பொம்பளை கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயாடுகிறாள். பாட்டை விழுங்குகிற மாதிரி அவள் குரல்தான் பெரிதாக விழுந்திருக்கிறது. பிள்ளை பாடும்போது வாயை மூடத் தெரியாத ஜென்மம், யார் பெற்றதோ என்று திட்டிக்கொண்டே, என்ன சொல்கிறாள் என்று ஒலியைக் கூட்டினேன்.

கதவுக் கீல் குரல்.

அணைத்துவிட்டேன். இவர் சாப்பிடக் கூப்பிட்டார். பசிக்கவில்லை என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

"கணக்கும் ஏறல, பாட்டும் ஏறல. இவள எதுல சேக்க?"

இதுதான் அந்தக் குரல் சொல்வது. தொடர்ந்து என் தம்பி பெண்டாட்டி சிரிக்கிற சத்தம். அவள் எதற்கும் சிரிப்பாள்.

காலையில் இவரை நேரடியாகக் கேட்டேன். முதலில் பேப்பரைப் பார்த்தார். அப்புறம் சொன்னார். பென்டிரைவ் வந்த அன்றைக்கு செண்பகா தன் மாமியார், மாமனார், நாத்தனார், பக்கத்து வீடு என்று எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, நான் பாடினேன் பாருங்கள் என்று அவளே ஆசையாகப் போட்டாளாம். சரியாக அந்த இடத்தில் அவ்வளவு பேரும் அதைக் கேட்டார்களாம். மாமியார் எழுந்து காப்பி போடப் போனாராம். நாத்தனார் மட்டும், "உங்க அம்மா தமாஷா பேசுவாங்க போல" என்றாளாம்.

இரண்டு மாதமாக ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ என்ன சொல்லிருப்ப? உள்ளதத்தான சொன்னேன்னுருப்ப" என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் இவர் என்னைப் பார்த்து முழுதாகப் பேசிய வாக்கியங்களில் இதுவும் ஒன்று. பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.

பயிற்சியில் இன்றைக்கு எடிட்டிங். ஒலிப்பதிவைப் போன் திரையில் நீளமாக ஒரு புழு மாதிரி காட்டுகிறார்கள், வேண்டாத இடத்தில் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிடலாம். மற்றவர்கள் இருமலையும் நாய் குரைப்பதையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போனில் ஏற்றிவந்த கல்யாண வீடியோவிலிருந்து அந்தப் பொம்பளையை வெட்டினேன். வெட்டியதும் செண்பகாவும் போய்விட்டாள். திரும்பக் கொண்டுவந்து வேறுவிதமாக வெட்டினேன். மறுபடியும் போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் மொத்தம் எத்தனை தடவை வெட்டினேனோ.

எபனேசர் பக்கத்தில் வந்து குனிந்தான். ஹெட்போனை வாங்கிக் கேட்டான். யார் குரல் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது, முதல் நாளே கேட்டவன். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருக்கிறது.

"ரெண்டும் ஒரே மைக்ல விழுந்திருக்கு டீச்சர். பேச்ச மட்டும் தனியா எடுக்க இந்த ஆப்ல வழியில்ல" என்றான். "பெரிய சாப்ட்வேர்ல போட்டா ஓரளவு பிரிக்கலாம். நான் வேணும்னா செஞ்சு தரட்டுமா?"

வேண்டாம் என்றேன். தூத்துக்குடி ஹாலில் கேட்டவர்கள் காதிலிருந்து எந்த சாப்ட்வேர் எடுக்கும்?

ஜனவரி 24, வெள்ளி

திரையிடல். அதிகாரி ஒருவர் வந்து குத்துவிளக்கு ஏற்றி, இசைக்கு மொழியில்லை என்று பேசிவிட்டு, இசை தொடங்குவதற்கு முன் கிளம்பிப் போனார்.

முப்பத்தொன்பது வீடியோக்களிலும் சூரிய அஸ்தமனம். தெய்வானையின் வீடியோவில் அவள் அப்பா போட்டோவைச் சுற்றி ரோஜாப் பூ பறக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டாவிட்டால் மதிய சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டாள், அவள்தான் புளியோதரை கொண்டுவந்திருந்தாள்.

என்னுடையதில் படமெல்லாம் அதிகம் இல்லை. முதலில் காலர் டியூன், எடுக்கவில்லை என்ற குரல். அடுத்து செண்பகா பாடுகிற கல்யாணக் காட்சி. நடுவில் அந்தப் பேச்சு வருகிற இடத்தில் ஒலியும் கிடையாது, படமும் கிடையாது, வெறும் கறுப்பு. அப்புறம் மூன்றாவது வரியிலிருந்து அவள் பாடி முடிக்கிறாள். அவ்வளவுதான். என் குரலைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. சேர்க்கவில்லை. ஏற்கெனவே சேர்ந்தது போதும்.

நடுவில் ஏன் கறுப்பாக இருக்கிறது, போன் ரிப்பேரா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அங்க ஒருத்தி பேசிட்டா" என்றேன்.

"யாரு டீச்சர்?"

"ஒரு அறிவு கெட்டவ."

எல்லோரும் சிரித்தார்கள். எபனேசர் சிரிக்கவில்லை. தெய்வானையும் சிரிக்கவில்லை, பஸ்ஸில் வரும்போது ஜன்னல் இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தாள். இவள் இரக்கப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

சான்றிதழ் கொடுத்தார்கள். பிளக்ஸில் சிரித்த அதே பெண் அதிலும் சிரிக்கிறாள்.

ஜனவரி 29, புதன்

தலைமையாசிரியர் போன் போட்டுவிட்டு நேரில் வந்து, "என்ன டீச்சர், போன்ல பாட்டெல்லாம் தூள் கிளப்புது" என்றார். இளிப்பு வேறு. சாயங்காலம் அந்தப் பாட்டை எடுக்கச் சொல்லிப் போன் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். திரும்பிவிட்டேன்.

கூட்டமென்றால் இரண்டு பேர் இருந்தார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் எடுத்தேன். கடைக்காரர் கும்பலாகச் சிவப்பும் பச்சையும் எடுத்துப் போட்டு, எல்லாம் ஒரே அளவுதான் அக்கா என்கிறார். ஏழாம் மாதத்தில் கை வீங்கியிருக்கும் என்பதுகூடத் தெரியாமல் வளையல் கடை. இரண்டு அளவிலும் வாங்கினேன். அவள் கை இப்போது எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியுமா என்று கேட்டால், கை மாதிரிதான் இருக்கிறது என்கிறார்.

கட்டுச்சாதத்துக்குப் புளிக்காய்ச்சல் போட வேண்டும். பிள்ளை நம்மோடு வராவிட்டாலும் ஏழு வகைச் சோறு கொண்டுபோய் இறக்கத்தான் வேண்டும். சோற்றை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அடுப்பில் வைத்தது தீய்ந்துவிட்டது.

நான் போன் போடுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பாட்டு இப்போது வேறு மாதிரி கேட்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

செண்பகா போன் போட்டாள்.

எட்டாம் வகுப்பில் இருந்தேன், வகுப்பில் போன் எடுக்கக் கூடாதென்று நோட்டீஸ் எழுதி ஒட்டியதே நான்தான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். ஹலோ என்றேன். உடனே வைத்துவிட்டாள்.

எடுத்தால் வைக்க வேண்டியது, போட்டால் எடுக்க வேண்டாம். யாருடைய பிடிவாதம் இது என்று கேட்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 5, புதன்

மறுபடியும் போட்டாள். ஓடிப்போய் எடுத்தேன், சட்டென வைத்துவிட்டாள். கைதவறி வந்த அழைப்பென்றால் ஒருநாள் வரும், இரண்டு நாளும் வருமா?

இவரிடம் கத்தினேன். என் பேரைச் சொல்லி ஏதாவது சொன்னீர்களா என்றேன். இவர் மெதுவாக, "உங்க அம்மா போன்லயும் ஒம் பாட்டுத்தான் ஓடுதுன்னு சொன்னேன். அது நம்பல. நீ வேணும்னா போட்டுப் பாருன்னேன்" என்றார். அப்புறம், "அது பாட்டுக் கேக்கத்தான் அடிக்கி. நீ டபக்குனு எடுத்தா அதுக்கு எப்படிக் கேக்கும்?" என்றார்.

இந்த மனுஷனை மக்கு என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று போன் வரவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் அப்படியே குடித்தார்.

பிப்ரவரி 7, வெள்ளி

பள்ளியிலிருந்து வந்து புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. செண்பகா.

அடுப்பை அணைத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கேட்பது வெறும் மணிச் சத்தம், பாட்டு அவள் காதுக்குத்தான். எதுவரைக்கும் போயிருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் நானே வாய்க்குள் பாடி அளவு பார்த்தேன். முதலில் அந்த முனகல், முழுதாக. அப்புறம் உப்புக் காற்று. இவர் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று வாயைப் பிளந்தார். பிளக்கட்டும். இரண்டாவது வரியைத் தொடங்கினேன், மூச்சு வாங்காமல் கொண்டுபோகப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் அவ்வளவுதான் வரும். பாட்டு அறுவதற்குள் எடுத்தேன்.

அவள் வைக்கவில்லை.

"எடுக்க இவ்வளவு நேரமா?" என்றாள்.

"நீ பாடி முடிக்கட்டும்னு இருந்தேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவளுடைய அந்தக் குரல், அப்படியே என் குரல், கதவுக் கீல்: "அது நான் பாடுனதில்லம்மா. சினிமாவுல பாடுனது. அதுகூடத் தெரியல ஒனக்கு."

"தெரியும். அந்தப் பாட்டுக்காரி ரெண்டாவது வரியில மூச்சு வாங்குதா. நீ வாங்கல."

இவர் ஜாடையில் என்ன என்று கேட்டார், கையைக் காட்டி அடக்கினேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம வரும்போது கார்ல பெரிய தலகாணியா ஒண்ணு எடுத்துட்டு வா" என்றாள் கடைசியில். "ரோடு பூரா குழி. திரும்பி வரும்போது இடுப்பு போயிரும்."

வைத்துவிட்டாள். புளிக்காய்ச்சல் அடிப்பிடித்திருந்தது. புதிதாகப் போட வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

இவர் வாங்கி வந்த தலையணை செங்கல் மாதிரி இருந்தது. நானே கடைக்குப் போய்ச் சண்டை போட்டு மாற்றி வந்தேன்.